பழைய கொலையும் பழைய செக்ரோலும்

"கொலைகாரனுக்கு லாயர் ஒரு கேடா?" இந்தக் கேள்வியைத் தோட்டத்துக் காப்பிக் கடையில் நாம் கேட்டிருக்கிறோம், கோவில் திண்ணையில் கேட்டிருக்கிறோம், சங்கக் கிளைக் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறோம். அதிலும், பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கொலைக்கு இன்று ஒருவரைப் பிடித்திருக்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "இத்தனை நாள் ஒளிந்திருந்தான், இன்றைக்கு அகப்பட்டான்" என்று மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்துமுன்பே ஊர் தீர்ப்பெழுதி முடித்துவிடுகிறது.

நமது கருத்து இதற்கு நேர் மாறானது. கொலை எவ்வளவு பழையதோ, அவ்வளவு விரைவில், அவ்வளவு நல்ல வக்கீல் எதிரிக்கு வேண்டும் என்கிறோம். இதை ஏதோ பெரிய மனிதர்களின் சட்ட சமாச்சாரம் என்று அன்பர்கள் தள்ளிவிட வேண்டாம். பால் வெட்டுகிறவருக்கும், செக்ரோல் எழுதுகிற கிராணியாருக்கும் இதில் நேரடியான சம்பந்தம் இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய கொலைகளைப் போலீசார் தோண்டி எடுப்பதை நாம் குறை கூறவில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொலைக் குற்றத்துக்குக் காலக்கெடு கிடையாது. கிடையாது என்பதே நியாயம். மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் இருபது ஆண்டு காத்திருந்தாள் என்பதற்காக அவள் வழக்கு செத்துப்போய்விடக் கூடாது. ஆனால் அந்தத் தாய் காத்திருப்பது கொன்றவனுக்காக. கையில் அகப்பட்ட யாரோ ஒருவனுக்காக அல்ல. தவறான ஆளைச் சிறையில் அடைத்துவிட்டு வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடினால், உண்மையில் கொன்றவன் நிம்மதியாகப் படுத்துத் தூங்குவான். எதிரியின் வக்கீல் கேட்கிற கேள்விகள் அந்தத் தாய்க்கும் சேர்த்துக் கேட்கப்படுகிற கேள்விகள்தாம்.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டு ஒரு நாள் காலையில் ஒரு தோட்டத்து எல்லையில் ஒரு பிணம் கிடக்கிறது. அன்றைக்கே ஒரு பால்மரத் தொழிலாளியைச் சந்தேகப்பட்டுப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? விடியுமுன் பெரட்டில் நின்றதை மண்டோர் சொல்லுவார். பக்கத்து நிரையில் வெட்டியவர், "என் கண்ணெதிரே வெட்டிக்கொண்டிருந்தார்" என்பார். பால் நிறுக்கும் கொட்டகையில் அவர் கொண்டுவந்து ஊற்றிய பாலின் எடையும், ஒட்டுப்பாலின் எடையும் கிராணியார் கைப்பட எழுதியிருக்கும். அரை நாளில் வீடு திரும்பியிருப்பார்.

அதே மனிதரை இன்றைக்குப் பிடித்தால்? மண்டோர் காலமாகிவிட்டார். பக்கத்து நிரைக்காரர், தோட்டம் கைமாறியபோது குடும்பத்தோடு எங்கோ போனவர். எந்த அடுக்குமாடியில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. கிராணியாருக்கு ஞாபகம் தப்பிவிட்டது. தோட்டமே இன்றைக்குத் தோட்டமாக இல்லை. செம்பனை வந்து, அதற்குப் பிறகு வீடமைப்பும் வந்துவிட்டது. மிச்சமிருப்பவர் மனைவி ஒருவர்தான். "வீட்டுக்காரி சொல்லத்தானே செய்வாள்" என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் அதையும் ஊதித் தள்ளிவிடும்.

சர்க்கார் பக்கத்தில் நிலைமை வேறு. பிணத்தின் உடையும், நகத்துணுக்கும், ஒரு முடியும் உறையிலிட்டு முத்திரை வைக்கப்பட்டுப் பத்திரமாக இருக்கின்றன. 2001-இல் அவற்றைப் பேசவைக்கத் தெரியாத விஞ்ஞானம் இன்றைக்குப் பேசவைக்கிறது. 2009-இல் மலேசியாவில் டிஎன்ஏ அடையாளச் சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் போலீசாரிடம் ஒரு தகவல் களஞ்சியமும் இருக்கிறது. ஆக, சர்க்காரின் சாட்சியம் வயதாக ஆக வாலிபமாகிறது. ஏழையின் சாட்சியமோ வயதாக ஆகச் செத்துப்போகிறது. இந்தப் பந்தயத்தில் வக்கீல் இல்லாமல் ஒரு தொழிலாளியை இறக்கிவிடுவதற்குப் பெயர் விசாரணையா?

டிஎன்ஏ பொய் சொல்லாது என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். பொய் சொல்லாதுதான். ஆனால் அது சொல்வது என்ன என்பதைப் புரிந்துகொள்வதிலேதான் சங்கடம். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து டாக்சி ஓட்டுநர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். 2005-இல் அந்நகரில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். பல ஆண்டுகள் துப்பு இல்லை. பிறகு அவளுடைய நகத்துணுக்குகளில் கிடைத்த டிஎன்ஏ, போலீஸ் களஞ்சியத்தில் இருந்த ஒன்றோடு ஓரளவு ஒத்துப்போவதாகத் தெரிந்தது. அது நம் ஓட்டுநருடையது. அவர் ஒன்றும் பழைய குற்றவாளி அல்லர். அவருடைய தாயார் வீட்டில் திருட்டு நடந்தபோது, அந்த விசாரணைக்காக எடுத்த மாதிரி அது! 2011-இல் கொலைக் குற்றம் சாட்டி எட்டு மாதம் சிறையில் வைத்தார்கள்.

அந்த மனிதருக்கு ஒரு தோல் வியாதி. உடம்பிலிருந்து தோல் செதில் செதிலாக உதிர்ந்துகொண்டே இருக்கும். கூட வண்டி ஓட்டியவர்கள் அதை வைத்தே அவருக்குப் பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். (தோட்டத்தில் நாம் ஒருவருக்கொருவர் வைக்கிற பட்டப்பெயர் போலத்தான், ஆனால் அந்தப் பெயர் பிற்பாடு அவர் உயிரைக் காக்க உதவியது.) அவர் கைப்பட்ட சில்லறையை வாங்கிய பிரயாணி ஒருவர் மூலமாக அந்தச் செதில் யார் கைக்கும் போயிருக்கலாம் அல்லவா? அவர் அந்தப் பெண்ணைத் தொட்டே இருக்க வேண்டியதில்லை. செத்துப்போன பெண்ணின் நகப்பூச்சு மினுமினுப்புத் தூள் கலந்தது, அழுக்கை எளிதில் பிடித்துக்கொள்ளக் கூடியது. அந்த நகத்தில் ஒருவருடைய டிஎன்ஏ மட்டும் இல்லை, பலருடையது கலந்திருந்தது. இதையெல்லாம் வழக்கு மன்றத்தில் எடுத்துவைத்தது எதிரித் தரப்பு. அந்தப் பகுதியில் காமிராவில் பதிந்த டாக்சி அவருடையது என்ற வாதமும் நிற்கவில்லை. ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள்.

தனக்குத் தோல் உதிர்கிறது என்று அந்த ஓட்டுநருக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்தே தன் உடம்பு, தெரியாமல் இருக்குமா! ஆனால் அது தன் வழக்குக்கு உதவுகிற சாட்சியம் என்பதைச் சொல்ல ஒரு வக்கீல் வேண்டியிருந்தது. அதை விளங்கவைக்க அந்த வக்கீல் ஒரு நிபுணரை அழைக்க வேண்டியிருந்தது. நம்மவர் ஒருவர் அந்த இடத்தில் இருந்தால், "ஐயா, நான் செய்யவில்லை" என்பதைத் தவிர வேறென்ன சொல்லியிருப்பார்?

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 402ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. கொலை நடந்த நேரத்தில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்று ஒருவர் வாதாட வேண்டுமானால், அதை எழுத்து மூலம் அரசாங்கத் தரப்புக்கு முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். எந்த இடத்தில் இருந்தார், அதற்குச் சாட்சிகள் யார், அவர்களுடைய பெயர் என்ன, முகவரி என்ன என்று அதில் கண்டிருக்க வேண்டும். அறிவிக்கத் தவறினால் அந்தச் சாட்சியத்தைக் கோர்ட்டு ஏற்காமற் போகலாம். ஒரு வாரத்துக்கு முன் நடந்ததற்கு இப்படி எழுதுவது எளிது. இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தின ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எப்படி எழுதுவது? சாட்சிகளைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டும், மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும், தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் கதவைத் தட்ட வேண்டும். சிறையில் கிடக்கிறவரால் இது ஆகுமா? கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஜாமீன் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, தொழிலாளர் பதிவேடுகளை முதலாளி குறைந்தது ஆறு ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்கிறது. ஆறே ஆண்டு! ஏழாம் ஆண்டு செக்ரோலைக் கரையானுக்குப் போட்டாலும், எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாலும், கேட்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. கொலை வழக்குக்குக் காலக்கெடு இல்லை. தொழிலாளியின் சாட்சியத்துக்கு ஆறு ஆண்டு ஆயுள். இந்த இரண்டு சட்டங்களையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை போலும்.

சரி, வக்கீலுக்குப் பணம்? இந்த இடத்தில் அன்பர்கள் பலருக்கு ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வசதி இல்லாதவருக்கு வக்கீலே கிடைக்காது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கைதானவர் தாம் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ளவும் அவரைக் கொண்டு வாதாடவும் கூட்டரசு அரசியல் சட்டத்தின் 5(3)-ஆம் பிரிவு உரிமை தருகிறது. மரண தண்டனை விதிக்கக்கூடிய வழக்கில், வக்கீல் வைக்க முடியாதவருக்கு உயர் நீதிமன்றமே ஒரு வக்கீலை அரசாங்கச் செலவில் நியமிக்கிறது. 2023 ஜூலையிலிருந்து கொலைக்குத் தூக்கு என்பது கட்டாயம் அல்ல. தூக்கு விதிக்காவிட்டால் 30 முதல் 40 ஆண்டு வரை சிறை, அதோடு பிரம்படியும் உண்டு. ஐம்பத்தைந்து வயதில் பிடிபட்டவருக்கு 30 ஆண்டு என்றால் என்ன அர்த்தம் என்று நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கா, சிறையா என்று நீதிபதி தீர்மானிக்கிற அந்த நேரத்திலும் எதிரிக்காகப் பேச ஒரு வாய் வேண்டும்.

ஆனால் உயர் நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் வந்து சேருவது வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு. அதற்கு முன், கைதான முதல் இரவில், லாக்கப்பில், எதிரி தனியாகத்தான் இருக்கிறார். நம் அனுபவத்தில் பாட்டாளி வழுக்கி விழுகிற இடம் அதுதான். விசாரணைக்கு முன், உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லலாம் என்று போலீசார் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 28ஏ பிரிவு. அதற்கும் சில விலக்குகளை அதே பிரிவில் வைத்திருக்கிறார்கள். கொலை போன்ற பெரிய குற்றங்களில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவோடு முதலில் 7 நாள், பிறகு இன்னொரு 7 நாள் தடுத்து வைத்து விசாரிக்கலாம். பதினான்கு நாள் என்பது சின்ன காலமா?

அந்த நாட்களில் நம்மவர் செய்கிற காரியம் ஒன்றுண்டு. "எங்கே கிடந்தது, காட்டு" என்றால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுவார். தோட்டத்தில் இருந்தவர் எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். பால் வெட்டப் போகிற குழந்தைக்கும் தெரியும். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் பொதுவாக வழக்கில் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்று சட்டம் இருந்தாலும், காவலில் இருப்பவர் சொன்னதைக் கொண்டு ஒரு விஷயம் கண்டுபிடிக்கப்பட்டால் அவ்வளவு பகுதியைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. நாளைக்குக் கோர்ட்டில், "எதிரியே இடத்தைக் காட்டினார்" என்பார்கள். "ஐயா, அந்த இடம் இருபது ஆண்டுக்கு முன்பே போலீசுக்குத் தெரியுமே, இதில் கண்டுபிடித்தது என்ன?" என்று கேட்பதற்குத்தான் வக்கீல். அவர் முதல் நாளே வந்திருந்தால், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற வேலையே நடந்திருக்காது.

2012 ஏப்ரல் முதல் இயங்கி வருகிற யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் என்னும் தேசிய சட்ட உதவி அறவாரியம் கைதின்போதும் ரிமாண்டின்போதும் வக்கீலை அனுப்பி உதவுகிறது. வருமானம் குறைந்த குடிமக்களுக்கு அந்த உதவி உண்டு. அந்த உதவி இருப்பது தெரியாததனாலேயே கேட்காமல் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! பக்கத்து வீட்டு இந்தோனேசியத் தொழிலாளிக்கும் வங்காளதேசத் தொழிலாளிக்கும் அந்த வாசல் திறப்பதில்லை. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களைத்தான் அவர்கள் நாட வேண்டும், மொழிபெயர்ப்பாளரும் வேண்டும். நம்மோடு ஒரே மரத்தில் வெட்டுகிறவர்கள் என்பதால் இதையும் இங்கே குறிப்பிடுகிறோம்.

சிங்கப்பூர் அன்பர்களுக்கு இரண்டு வழக்குகள் நினைவிருக்கும். 2007-இல் ஓர் இளம்பெண் காணாமற்போனாள். 2020 டிசம்பரில் ஒருவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. உடல் கிடைக்கவில்லை, எப்படி இறந்தாள் என்று நிறுவ வழியில்லை. மறு ஆண்டு கொலைக் குற்றச்சாட்டு விலக்கிக்கொள்ளப்பட்டது. 2022 அக்டோபரில், பிணத்தை அப்புறப்படுத்தியது, பொய்த் தகவல் கொடுத்தது போன்ற குற்றங்களுக்காக அவருக்குக் கிடைத்தது 26 மாதச் சிறை. அவர் செய்தது சின்ன காரியம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு தாயை அத்தனை ஆண்டு ஏங்க வைத்த காரியம் அது. ஆனால் செய்ததற்குத் தண்டனை, நிரூபிக்க முடியாததற்குத் தண்டனை இல்லை என்பதுதானே சட்டம். அங்கே மரண தண்டனை வழக்குகளில் வருமானம் பார்க்காமல் வக்கீல் அமர்த்திக் கொடுக்கும் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றமே நடத்துகிறது. அதை நாம் பாராட்டுகிறோம்.

மற்றொன்று நம் மக்களிடையே நடந்தது. 1984 டிசம்பரில் காணாமற்போன ஒரு தமிழ்த் தொழிலாளியைக் கொன்றதாக 1987-இல் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆறு பேர் மீது வழக்கு வந்தது. அதில் பேசப்பட்ட பயங்கரங்களை இன்றைக்கும் பேசுகிறவர்கள் உண்டு. நாம் அவற்றை எழுதப்போவதில்லை. உடல் இல்லை, போதிய சாட்சியம் இல்லை. அதே ஆண்டு ஜூன் மாதம், விடுதலைத் தீர்ப்பாக அமையாத ஒரு விடுவிப்போடு கோர்ட்டு அவர்களை அனுப்பியது. ஆனால் அவர்களில் மூவர் வெளியே போய்விடவில்லை. விசாரணையின்றித் தடுத்து வைக்கும் சட்டத்தின்கீழ் 1991 வரை உள்ளே இருந்தார்கள். கோர்ட்டில் வக்கீல் வென்றும் பயனில்லாமற் போன கதை இது. குற்றவாளியோ நிரபராதியோ, திறந்த கோர்ட்டில் இரு தரப்பும் பேசி முடிக்காத வழக்கு எத்தனை ஆண்டானாலும் ஊர் வாயில் முடிவதில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

சங்கப் பணத்தைக் கொலை வழக்கில் செலவழிக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறோம். வழக்குச் செலவு முழுவதையும் சங்கம் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சந்தாப் பணம் வேலைநீக்கத்துக்கும் சம்பளத் தகராறுக்கும் வேண்டியிருக்கிறது. பெரிய வக்கீல் செலவைச் சர்க்கார் ஏற்கிறது. சங்கத்தால் ஆகக்கூடியது அந்தப் பெரிய வக்கீல் வருவதற்கு முந்தின வேலை. கைது செய்தி வந்த அன்றைக்கே அறவாரியத்துக்கோ சட்ட உதவி நிலையத்துக்கோ டெலிபோன் செய்வது. எதிரியின் வீட்டாரைத் தனியே விடாதிருப்பது. பழைய மண்டோர் எந்த ஊரில், பழைய கிராணியார் எந்த ஊரில் என்று தேடிப்பிடிப்பது. எந்த வக்கீலுக்கும் இந்த வேலையை நம்மளவுக்குச் செய்ய முடியாது. யார் எந்த லயத்தில் இருந்தார், யார் எந்தத் தோட்டத்துக்கு மாறினார் என்கிற வரலாறு நம் கிளைச் செயலாளர்களின் தலைக்குள்தான் இருக்கிறது. எதிரி நல்லவரா கெட்டவரா என்று பார்த்து இந்த உதவியைச் செய்யக் கூடாது. நல்லவர் கெட்டவர் என்பதைக் கோர்ட்டு முடிவு செய்யும். குடிகாரர், சண்டைக்காரர், சங்கத்துக்கே சந்தா கட்டாதவர் என்றாலும் செய்ய வேண்டும். பழைய வழக்கில் ஊர் முதலில் விரல் நீட்டுவது இவர்களைப் பார்த்துத்தான்.

கிராணிமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்களில் சிலருக்கு நம் மீது மனத்தாங்கல் உண்டு, நமக்கும் உங்கள் மீது உண்டு, அது இருக்கட்டும். ஒரு தொழிலாளி ஒரு குறிப்பிட்ட நாளில் எங்கே நின்றார் என்பதை இந்த உலகத்தில் எழுத்தில் வைத்திருப்பவர் நீங்கள் ஒருவரே. பெரட்டுக்கு வந்தாரா இல்லையா, எந்தக் காட்டில் வெட்டினார், எத்தனை பால் கொண்டுவந்தார், அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கினாரா என்பதெல்லாம் உங்கள் கையெழுத்தில் இருக்கின்றன. அதைப் பழைய காகிதம் என்று எண்ணாதீர்கள். ஆறு ஆண்டு கழிந்துவிட்டது, இடம் அடைக்கிறது, துரை கொளுத்தச் சொல்கிறார் என்றால், மேலிடத்தின் அனுமதியைக் கேட்டு வாங்கி நம் கிளைக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தோட்டம் விற்பனைக்கு வரும்போதும் அப்படியே. தொழிலாளர்களும் தங்கள் சம்பளச் சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கட்டும். பிள்ளைகள் கைப்பேசியில் படமெடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

பெட்டிகள் எத்தனை இருந்தாலும் சரி. லாரியை நாம் கொண்டு வருகிறோம்.